நேரலையில் கேட்டால் பதறாதே

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? சாப்பிட்டதுக்கு அப்புறம்தானே மாத்திரை போடுற?

வீடியோ கால்ல நெத்தி மறைய துண்டு கட்டியிருந்தது தலைவலிக்காக இல்லம்மா. இங்க காட்டுல ஒரு மரம் இருக்கு, அதோட காய் தீ பட்டாத்தான் வெடிச்சு விதை கொட்டும். நான் எழுதுற இசைக்கு அந்தச் சத்தம் வேணும்னு, வனத்துறைக்காரங்க காஞ்ச சருகை எரிக்க அளவா தீ வெச்சப்போ மைக்கோட போனேன். காத்து திரும்பிடுச்சு. புருவம் மட்டும் கருகிடுச்சு, சத்தியமா வேற ஒண்ணுமில்ல. இப்ப காத்துல ஜன்னல் திரை அசைஞ்சாத்தான் தூக்கிவாரிப் போடுது. அந்த இசையை வாசிக்கிற கச்சேரி வர்றதுக்குள்ள புருவம் வளராது. உன் மை பென்சிலை அனுப்பு, தேஞ்சதே போதும்.

ஒலிப்பதிவுல, காய் வெடிக்கிறதுக்கு நடுவுல, "அம்மா!"ன்னு என் அலறலும் விழுந்திருக்கு. அதை வெட்டவே கூடாதுன்னு எங்க இசைக்குழுத் தலைவர் ஒரே பிடிவாதம். கச்சேரியில அந்தப் பதிவையும் போடுவாங்க, நேரலையில கேட்டா பதறாதே, நான் மேடையில பத்திரமா இருப்பேன்.

தபால் எடுக்குற நேரமாச்சு. அந்த அலறல் வர்றப்போ மட்டும், அங்கிருந்தே "என்னடி"ன்னு ஒரு தடவை சொல்லிடும்மா.

உன் மக