வாய் சொன்ன அருமை

கெண்டல்,
மார்ச், வழக்கம்போல் மழை

என் செல்ல மகள் பிரையனிக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறை சொல்வது மட்டும் குறையவில்லை. ஹேமிஷ் பக்கத்து வீட்டுப் பூனையிடம் மறுபடி அடி வாங்கிக்கொண்டு வந்து சோபாவுக்கு அடியில் படுத்திருக்கிறான். நாய் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் என் வாய் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது. பேனா என்றால் கொஞ்சம் மெதுவாகப் போகும். போன மாதம் நீ கூப்பிட்டு, கால்நடை மருத்துவமனையில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், நீயும் கேலமும் ஊர் திரும்பாமல் அங்கேயே வீடு பார்த்துவிட்டீர்கள் என்று சொன்னாயே, அதற்கு நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். உன் அப்பாவைப் போலக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

இப்போது சேதி. எங்கள் பள்ளி ஆய்வுக் குழுவுக்கு அரசாங்கம் அங்கீகாரத்தைப் புதுப்பித்துவிட்டது. நேற்றுக் காலை பெர்னார்ட் ஃபோன் செய்து சொன்னார். எங்கள் குழுவை ஆரம்பித்த மனுஷன், எழுபது வயதுக்காரர், ஃபோனில் மூக்கை உறிஞ்சினார். சளி என்றார். நானும் சளி என்றுதான் சொன்னேன். நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான் உனக்கு எழுதுகிறேன். ஜனவரியிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நீ சந்தோஷமாகக் கூப்பிட்ட அன்று அதைச் சொல்ல மனசு வரவில்லை.

விஷயம் என்னவென்றால், எங்கள் குழு சின்னது என்பது உனக்குத் தெரியும். தனியார் பள்ளிகளில் பெரிய பெரிய மாளிகைப் பள்ளிகளை வேறு யாராவது பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது மலைப்பக்கத்தில், பழைய வீடுகளில் நடக்கும் குட்டிப் பள்ளிகளை. பார்க்கிற எங்களையும் அரசாங்கம் பார்க்கும். அவர்கள் அங்கீகாரம் கொடுத்தால்தான் நாங்கள் பள்ளி வாசலையே மிதிக்க முடியும். போன வருஷம் யாரோ ஒருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார்: அந்தக் குழுவில் எல்லோரும் பழைய வாத்தியார்கள், பள்ளிக்காரர்களோடு கேக் தின்றுவிட்டு நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று. கேக் விஷயம் அபாண்டம். நான் எந்தப் பள்ளியிலும் கேக் தொட்டதில்லை, வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் புகார் புகார்தானே. ஒரு ஆய்வுக்கு அரசாங்கத்து ஆளும் கூடவே வருவார், அதைப் பார்த்துவிட்டு அங்கீகாரத்தைப் பற்றி முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆய்வு என் தலையில் விழுந்தது.

நான் பாடம் நடத்திய ஊர்ப் பள்ளியை மூடியபோது நான் எப்படி இருந்தேன் என்று நீ பார்த்தாய். பகலெல்லாம் டிரஸ்ஸிங் கவுனோடு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலை வந்துதான் மறுபடி தலை சீவ ஆரம்பித்தேன். அதனால் என்னால் குழுவை மூடினார்கள் என்று ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

பள்ளி பெயர் ஹாதர்கில். பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிறது. அரசாங்கத்து ஆள் லாட்டிமர் என்று ஒருவர். உயரமாக, மெலிந்து, பேசக் காசு கேட்கிறவர் மாதிரி. என் காரிலேயே வந்தார். வழியெல்லாம் ஆட்டு மந்தை குறுக்கே. ஒவ்வொரு தடவையும் மேய்ப்பவருக்குக் கை காட்டி "அருமை, அருமை" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவர் ஜன்னல் வழியாக ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்குத்தான் தெரியுமே என் வாயை. பல் பிடுங்கிய டாக்டரிடமும் அருமை, காருக்கு அபராதச் சீட்டு ஒட்டியவரிடமும் அருமை. நீயும் அப்பாவும் இதை வைத்து என்னை எவ்வளவு ஓட்டியிருக்கிறீர்கள். இங்கே பாதி ஊரே இப்படித்தான் பேசுகிறது, நான் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

குழந்தைகள் தங்கமானவர்கள். ஏழு வயசு வகுப்பில் ஒரு பெண் குட்டி என்னையும் பின்னால் உட்கார்ந்திருந்த லாட்டிமரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க எங்க டீச்சரப் பாக்க வந்திருக்கீங்க. அவர் உங்களப் பாக்க வந்திருக்கார். அவர யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள். லாட்டிமர் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "என் வீட்டுக்காரி" என்றார். அவருக்கும் வாய் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

தலைமை ஆசிரியை மிஸஸ் ஹோல்ராய்ட் எங்களை மாடிக்கு அழைத்துப் போனாள். நல்ல மனுஷி, பள்ளிக்காக உயிரை விடுகிறவள். மாடி வகுப்பின் பின்பக்கம் ஒரு கதவு. தீ விபத்து ஏதாவது நடந்தால் குழந்தைகள் வெளிப்படி வழியாக இறங்குவதற்கு. அந்தக் கதவு முழுவதும் குழந்தைகளை விட்டுச் சூரியகாந்திப் பூக்களாக வரைய வைத்திருந்தாள். மஞ்சள் மஞ்சளாக, அத்தனை அழகு. "பசங்களே வரைஞ்சது, கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னாடி" என்று பூரித்துப் போய்ச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று நீயே சொல்லிவிடுவாய். அருமை என்றேன். சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி மேல் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மஞ்சள் பெயிண்ட் தாழ்ப்பாளையும் சேர்த்து மூடி, காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது. "அருமை" என்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. படியில் இறங்கும்போதே எதிரே வந்த டீச்சரிடம், "கதவு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

கடைசிக் கூட்டத்தில்தான் முடிவைச் சொல்ல வேண்டும், அதற்கு முன் மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் விதி. பாடம், நடத்தை, குழந்தைகளின் பாதுகாப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கட்டடம் பற்றிய விதி நிறைவேறவில்லை என்றேன். என்னாலேயே திறக்க முடியாத கதவை ஏழு வயசுக் குழந்தை புகைக்கு நடுவில் எப்படித் திறக்கும் என்றேன்.

"காலைல அருமைன்னீங்களே" என்றாள் ஹோல்ராய்ட். "ரெண்டு தடவ சொன்னீங்க. நான் மடச்சி மாதிரி ஸ்டாஃப் ரூம் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்." அதற்கு மேல் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "இவர் இங்க உக்காந்திருக்கிறதாலதான மாத்திச் சொல்றீங்க? அவர் முன்னாடி நீங்க கறார்னு காட்டிக்க என் பள்ளிக்கூடம்தான் கெடச்சுதா?" என்று கேட்டாள். லாட்டிமர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

எப்படிப் போனாலும் எனக்குச் சுவர்தான், பார். முடிவை விட்டுக்கொடுத்தால் புகாரில் சொன்னபடி கேக் தின்கிற கூட்டம் என்று ஆகும். விட்டுக்கொடுக்காவிட்டால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பேசுகிறவள் என்று ஆகும். "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க. ஆனா கதவு திறக்கல. அத மாத்திச் சொல்ல முடியாது" என்றேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பி வரும் வழியில் ஆடுகளுக்கு நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரமே ஹோல்ராய்ட் புகார் எழுதினாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருப்பேன். முடிவை முன்கூட்டியே சொன்னேனா, பயந்து மாற்றினேனா என்று விசாரிக்க வேண்டும், அது தெரியாமல் அங்கீகாரம் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பெர்னார்ட் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏம்மா ஹிலரி, இருபது வருஷமா கட்டின வீடு, ஒரு அருமைல ஆடுதே" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேசாம ஊமைன்னு சர்டிஃபிகேட் வாங்கிடு" என்றார். அது அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

விசாரணை பெர்னார்டின் அலுவலகத்தில் நடந்தது. லாட்டிமரே வந்தார். நான் கால்மணி நேரம் விளக்கினேன்: அது என் பழக்கம், அதற்கு அர்த்தம் கிடையாது, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதுதான் வரும் என்று. எனக்கே நம்பும்படியாக இல்லை. பெர்னார்ட் டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் போடும் டீயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாட்டிமர் ஒரு கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போய், பால் திரிந்து, சகிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்து "அருமை" என்றேன்.

பெர்னார்ட் கண்ணை மூடிக்கொண்டார். லாட்டிமர் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிரித்து முடித்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க வாய் சொன்னத நான் அன்னிக்கே எழுதல மேடம். அருமைன்னு சொல்லிக்கிட்டே உங்க கை மேல போயி தாழ்ப்பாள அசைச்சுது பாருங்க, அதத்தான் எழுதினேன். அப்பவே முடிவு பண்ணிட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பயந்து மாத்தினவங்க கை அப்பிடிப் போகாது. இன்னிக்குக் கேட்டது, நீங்க உண்மையச் சொல்றீங்களான்னு பாக்கத்தான்." பிறகு, வார்த்தையில் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று அறிக்கையில் ஒரு வரி வரும், அதைத் தவிர்க்க முடியாது என்றார். வரட்டும். வந்துதான் இருக்கிறது. குழுவின் தீர்ப்பு நேர்மையானது என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது.

ஹாதர்கில் கதவைச் சுரண்டி, தாழ்ப்பாளை மாற்றிவிட்டார்கள். சூரியகாந்திகள் அப்படியே இருக்கின்றன. ஹோல்ராய்ட் ஒரு படம் அனுப்பியிருந்தாள், கதவு விரியத் திறந்து, வெளிப்படியில் அந்தப் பெண் குட்டி வரிசையின் முன்னால் நிற்கிறாள். படத்தின் பின்னால், "இது என்னோட அருமை. நெஜ அருமை" என்று எழுதியிருந்தாள். கோபம் தணிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இனி உன் விஷயம்.

நீ கூப்பிட்டது அந்த விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே இருக்கப் போகிறேன் அம்மா என்று நீ சொன்னாய், நான் அருமை என்றேன். நீ "அவ்வளவுதானா அம்மா" என்று கேட்டாய். நான் மறுபடியும் அதையே சொன்னேன். நீ ஃபோனை வைத்துவிட்டாய்.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேலம் நல்ல பையன். வீட்டுக்குப் பின்னால் மலை இருக்கிறது என்றாய், அது கேட்டு நிஜமாகவே சந்தோஷம். நீ செய்தது சரி, உன் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆடு பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, இங்கே ஆடு இல்லையா என்று உன் அப்பாதான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறார். அவரை விடு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் என்ன சொன்னேன் என்பதை மறந்துவிடு. நீ ஃபோனை வைத்த பிறகு என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்பாவைக் கேள். உன் நீலக் கோப்பையை எவ்வளவு நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்வார். அவர்தான் கடைசியில் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

புது வீட்டில் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. குளிர் வந்தால் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். இங்கே மழையில் பின்கதவுத் தாழ்ப்பாள் ஊறி இறுகிப்போயிருந்தது. நேற்று அப்பாவை எண்ணெய் போடச் சொல்லி, நானே நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். இப்போது லேசாகத் திறக்கிறது.

என்றும் உன்,
அம்மா