பெட்டியில் எழுதாத சிப்பின் பெயர்

அனுப்புநர்:
புனிதா த/பெ முருகையா,
வீட்டு எண் 14, கீழ்ப்பிரிவு தோட்டக் குடியிருப்பு,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்.

பெறுநர்:
பயனீட்டாளர் விவகார அதிகாரி,
சிரம்பான்.

பொருள்: ஒரே பெயரில், உள்ளே வேறு சிப் வைத்து விற்கப்படும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இத்தோட்டத்தின் நாற்றுப்பண்ணையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் தம்பி தேவன் பிறவியிலேயே காது கேளாதவன். பள்ளிக்கும் போகாததால், நாங்களாக வீட்டில் உண்டாக்கிக்கொண்ட சைகைகளில்தான் பேசுவோம். பெற்றோர் காலமான பின் அவை தெரிந்தவர்கள் நாங்கள் இருவரே. அவனுடைய உடல்நிலை காரணமாகச் சென்ற ஆண்டு தைப்பிங்கில் ஒரு காப்பகத்தில் சேர்த்தேன். ஞாயிறுதோறும் கணினித் திரையில் பார்த்துப் பேசி வந்தோம்.

2. அது தமிழ்ப்பள்ளி ஒன்று கழித்துக்கட்டிய பழைய கணினி. புதிய விண்டோஸ் ஏறாததால், ரந்தாவில் கணினி பழுதுபார்க்கும் திரு. அமிர்தலிங்கம் அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தந்தார். எங்கள் தோட்டத்துப் பொது மண்டபத்தின் வைஃபையை வீட்டிலிருந்து பிடிக்க ஒரு சிறிய அடாப்டர் தேவை. மே மாதம் அது கெட்டுப்போனதால், அவர் எழுதித் தந்த அதே மாடலைத் தேடிச் சிரம்பானில் ஒரு கடைக்குப் போனேன். லினக்ஸில் ஓடுமா என்று இருமுறை கேட்டேன். விற்பனைப் பெண் பெட்டியைக் காட்டி, "ஓடும்லா ஆன்ட்டி, இங்கயே போட்டிருக்கு பாருங்க" என்றார். போட்டிருந்தது உண்மைதான்.

3. வீட்டில் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. மாடல் பெயர் ஒன்றாயினும் உள்ளே வேறு சிப் என்று அமிர்தலிங்கம் கண்டுபிடித்தார். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள் லினக்ஸில் இல்லை. அவரே எங்கிருந்தோ எடுத்துவந்து நிறுவினார். ஒரு ஞாயிறு ஓடியது. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் நின்றுவிட்டது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்று கடையில் மறுத்துவிட்டார்கள்.

4. அதன்பின் நான்கு ஞாயிறுகள் தம்பியைப் பார்க்க முடியவில்லை; முட்டிவலியால் தைப்பிங்வரை பயணம் செய்யவும் இயலவில்லை. ஐந்தாம் வாரம் காப்பகப் பணியாளர் மோகனா, படம் தெரியாத என் பழைய கைப்பேசியில் அழைத்தார். "அக்கா, உங்க தம்பி நெஞ்சுல கைய வெச்சிட்டு, கீழ தரையக் காட்டுறாரு. சாப்பிட மாட்றாரு. என்னா கேக்குறாருன்னு தெரியலலா" என்றார். எங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று அவன் காட்டிய சைகை அது. அக்காவையும் புதைத்துவிட்டீர்களா என்று கேட்கிறான். நான் உயிரோடிருப்பதை அவருக்குச் சொன்னேன். அவர் அதை அவனுக்கு எப்படிச் சொல்வார்?

5. இம்முறை மாடலை விட்டுவிட்டு, லினக்ஸ் தானாக ஏற்கும் சிப்பின் பெயரைச் சொல்லித் தேடினோம். மூன்று கடைகளில் உள்ளே என்ன சிப் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முடிவில், நீலாயில் படிக்கும் ஷாமினி என்ற மாணவி தாம் பயன்படுத்திய, அந்தச் சிப் உள்ள அடாப்டரைத் தந்து உதவினார். செருகிய உடனே வேலை செய்தது. திரையில் என்னைக் கண்டும் தேவன் சிரிக்கவில்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, உன் பாதங்களைக் காட்டு என்று சைகை செய்தான். பேய்க்குப் பாதம் இராது என்பது சிறுவயதில் நான் அவனுக்குச் சொன்னதுதான். முட்டிவலியோடு நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு பாதங்களையும் காட்டினேன். அதன்பிறகே தட்டை எடுத்துவரச் சொல்லி மோகனாவைப் பார்த்தான்.

6. ஆகவே, உள்ளிருக்கும் சிப்பின் பெயரைப் பெட்டியின் மேல் தெளிவாக அச்சிடவும், சொன்னபடி ஓடாத கருவியைப் பிரித்த பின்னும் மாற்றித் தரவும் ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். பெட்டியும் அடாப்டரும் என்னிடம் உள்ளன. இந்த வரிசை வீடுகளில் இப்போது குடியிருப்பது நான் ஒருத்தியே. விசாரிக்க யார் வந்தாலும், எந்த நாளில் வந்தாலும், வீட்டில்தான் இருப்பேன்.

இடம்: ரந்தாவ்
நாள்: 12.8.2024

இப்படிக்கு,
(ஒப்பம்)
மு. புனிதா