நுரை நிற்காத ரெட் ஏல்

ஜூலை 9, புதன்

வெக்கை. மேகம் மட்டும், மழை இல்லை. காலையிலிருந்து முழங்கால் வலி. மாத்திரை ஒன்று.

ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாகிவிட்டது. போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிவிடுவது. பெயரோடு.

மாலை மச்சான் சேகர் வந்தான், வசந்தியின் தம்பி. புதுச்சேரிக் கடைகளுக்குச் சேலை போட்டுவிட்டுத் திரும்பும் வழி. கையில் சேலைப் பெட்டி. உள்ளே சேலை இல்லை. பழைய துண்டில் சுற்றிய இரண்டு பழுப்புப் பாட்டில்கள். தாமோதரன் காய்ச்சிய ஐரிஷ் ரெட் ஏல் என்ற சிவப்பு பீர். இனி இந்த நோட்டில் அவன் தா. தான். முழுப்பெயர் எழுதக் கை கூசுகிறது.

“செக்போஸ்ட்ல பெட்டியத் தொறக்கச் சொன்னாங்களா?”

“பட்டுன்னு சொன்னேன் மாமா. எந்தக் கடைன்னு கேட்டாங்க, அவ்ளோதான்.”

“யாருக்கு வாங்கறேன்னு அவன்கிட்ட சொன்னியா?”

“சாமி சத்தியமா சொல்லல.”

நம்பவில்லை. சேகரால் ஒரு விஷயத்தை அரை மணி நேரம் கூட வயிற்றில் வைத்திருக்க முடியாது.

அவன் கொண்டுவந்த செய்திதான் முக்கியம். தா. காய்ச்சிக் குழாயில் பிடித்துக் கொடுக்கும் பப்பின் முதலாளி இந்த ஏலை நிறுத்தப் பார்க்கிறார்.

“மொதலாளி அங்கியே நின்னுக்கினு சொல்றாரு மாமா. ‘செவப்ப எவன்பா கேக்கறான்? வர்றவன் எல்லாம் கோதுமை பீருதான் கேக்கறான். ஞாயித்துக்கெழம அந்த குரூப்பு இன்னா எழுதுதுன்னு பாப்போம். சரியில்லன்னா குழாய மூடிடு’ன்னாரு. தாமோதரன் சார் பாட்டுக்கு கிளாஸ கழுவிக்கினே இருந்தாரு.”

அந்தக் குழுவில் நானும் உண்டு. பீர் தெரிந்தவர்கள் முப்பது பேர் சேர்ந்து நடத்தும் இணையப் பக்கம். மாதம் ஒரு பீர், ஐம்பதுக்கு மதிப்பெண், கீழே நான்கு வரி. பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். இரண்டும் கணக்கில் சேரும். இந்த மாதம் தா.வின் ரெட் ஏல். கெடு ஞாயிறு மதியம்.

ஆக, குழாய் என் கையில்.

குழாயில் வருவது யாருடையது என்பதையும் எழுதி வைக்கிறேன். பழைய பீர் ஆலையில் பதினான்கு வருஷம் ஆய்வகத் தலைவன் நான். தா. எனக்குக் கீழே. ரெட் ஏல் என் யோசனை. இருபது லிட்டர் பானையில் பதினொரு முறை காய்ச்சினேன். நிர்வாகம் சிரித்தது. கொஞ்ச நாளில் பெரிய பதவியை எனக்குத் தராமல் அவனுக்குத் தந்தது. அன்று மதியமே ராஜினாமா. பிறகு அவனும் ஆலையை விட்டு, என் ஏலைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி போனான். எம்.எஸ்சி. வேதியியல் முதல் வகுப்பு படித்த நான் பிள்ளையார்பாளையத்துச் சாயப் பட்டறையில் சேலைப் பார்டருக்குச் சிவப்பு கலக்குகிறேன். முதலாளி கூப்பிடுவது ‘கலர் வாத்தியாரே’.

வாரப் பத்திரிகையில் தா.வின் பேட்டி: “இந்த ருசியை நானாகவே கண்டுபிடித்தேன்.” வெட்டி இந்த நோட்டின் பின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். நானாகவே.

பாட்டில் இரண்டும் ஃபிரிட்ஜில், தயிருக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில். வசந்தி பூவை மட்டும் மேல் தட்டுக்கு மாற்றினாள்.


ஜூலை 10, வியாழன்

மேல்காற்று, புழுதி. பக்கத்து வீட்டுக்காரன் மறுபடி என் கேட்டை மறித்து வண்டி நிறுத்தியிருக்கிறான். நாலாவது வாரம்.

ருசி பார்க்க வேண்டியவை: வெறும் பன், தண்ணீர், பேனா, நிறம் ஒப்பிட ஒரு கழி அரக்குச் சிவப்புப் பட்டு நூல், கண்ணாடி கிளாஸ்.

கடைசியில்தான் சிக்கல். வீட்டில் எல்லாம் எவர்சில்வர். எவர்சில்வரில் ஏலின் நிறத்தை என்ன பார்ப்பது? பட்டறை ஜன்னலில் நேரான, தெளிவான கிளாஸ் ஒன்று உண்டு. மத்தியானம் அதைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். இரண்டு தடவை அலசினேன்.

வசந்தி கோயில் இட்லி செய்திருந்தாள். மிளகு, சுக்கு, நெய். தொடவில்லை. நாக்கு கெட்டுவிடும்.

“காலைலேர்ந்து நின்னு செஞ்சிருக்கேன். அந்த சனியனுக்காக என் இட்லி வேணாமா?”

“சாயங்காலம் சாப்புடறேன்மா.”

“சாயங்காலம் இருந்தா பாக்கலாம்.”

ஐந்து மணி, மொட்டை மாடி. பாட்டிலை வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் வைத்தேன். இந்த வெயிலுக்கு அது போதும். குளிரில் விறைத்த ஏலில் மணமே வராது. நம்மவர்களுக்கு ஐஸ் மாதிரி இருந்தால்தான் பீர்.

ஊற்றினேன்.

நுரை எழுந்தது. எழுந்த வேகத்தில் செத்தது. ஐந்து எண்ணுவதற்குள் மேற்பரப்பு குளத்துத் தண்ணீர் மாதிரி வெறுமை. ஓரத்தில் நாலு குமிழி.

சிரித்துவிட்டேன். தனியாக, மாடியில், சத்தமாக.

குடித்தேன். நாக்கில் ஒரு வழவழப்பு, வெண்ணெய் தடவினாற்போல. இது தெரிந்த குற்றம். ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டு இறக்கினால் வருவது. தா. என்றைக்கும் அவசரக்காரன். முளைத்த பார்லியின் மால்ட் மணம் அடியில் எங்கோ இருந்தது, மேலே வரவில்லை. மீதியைச் செடிக்கு ஊற்றினேன்.

எழுதிய தீர்ப்பு: ‘நுரை அறவே நிற்கவில்லை. வெண்ணெய் வழவழப்பு. அவசரமாகக் காய்ச்சிய, கைப்பழக்கம் இல்லாதவரின் வேலை. இதன் மூலச் செய்முறை எவருடையது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.’ 19/50. கீழே முழுப்பெயர், பட்டம், பதினான்கு வருஷ அனுபவம்.

அனுப்பவில்லை. ஆய்வகப் பழக்கம், முடிவு எழுதிய அன்றே கையெழுத்துப் போடுவதில்லை. இன்னொரு பாட்டிலும் இருக்கிறது. நாளை பார்த்து உறுதி செய்துவிடலாம் என்றேன்.

வசந்தி: “நாளைக்கு வெள்ளிக்கெழம. இந்த வீட்டுல மூடியத் தொறந்தீங்க, நான் தம்பி வூட்டுக்குப் போய்டுவேன்.”

சரி, சனி.

இட்லி ஆறிப்போய் ஒன்று மிச்சம் இருந்தது. சாப்பிட்டேன்.


ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். மின்கட்டணம் கட்ட வேண்டும்.

காலையில் சேகருக்குப் போன் பண்ணி நுரை விஷயத்தைச் சொன்னேன். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“நுரை நிக்கலியா? இன்னா மாமா சொல்றீங்க? அங்க ஒரு கிளாஸ் குடிச்சேன். மீசையெல்லாம் நுரை. பக்கத்து டேபிள்ல ஒரு பொண்ணு என்னப் பாத்து சிரிச்சுது.”

“பாட்டில்ல அடைக்கும்போது கெடுத்திருப்பான்.”

“இருக்கும்,” என்றான். எனக்காகச் சொன்னது.

பத்து மணிக்குப் பட்டறை. செல்வி அடுப்பருகே இருந்தாள், பட்டின் பசை போகச் சோப்பில் வேகவைப்பது அவள் வேலை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இங்க ஒரு கிளாஸ் இருந்துச்சே, பாத்தியா?”

“எந்தக் கிளாஸ்?”

“நான் சோப்புத் தண்ணி அளக்கறது. ரெண்டு வருஷமா அதுலதான் அளக்கறேன். நேத்து மத்தியானத்துலேர்ந்து காணம்.”

அவளுக்கு என் முகத்திலிருந்து புரிந்துவிட்டது.

“அய்ய, அதப்போய் வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டியா? அதுல காப்பி கீப்பி குடிச்சிடாத சார். எத்தினி வாட்டி கழுவினாலும் வழவழன்னுதான் இருக்கும்.”

வழவழன்னு.

பீர் நுரைக்குச் சோப்பைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஆலையில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் நடத்திய பாடம் இதுதான். தா.வுக்கும் நடத்தினேன். அவனை ஒரே கிளாஸை ஒன்பது தடவை கழுவவைத்தேன், எல்லார் முன்னாலும். அவன் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறான், சேகர் பார்த்திருக்கிறான். நான் இரண்டு தடவை அலசிவிட்டு மாடி ஏறினேன்.

19/50 எனக்கு.

மத்தியானம் முதலாளி: “கலர் வாத்தியாரே, அரக்கு செத்துப்போய் வந்திருக்குது. கறுப்பு தூக்கலு.” போய்ப் பார்த்தேன். உண்மைதான். சிவப்பு ஆழமாக வேண்டும் என்றால் கறுப்பை ஒரு சிட்டிகை போட வேண்டும், இரண்டு போட்டால் நிறம் செத்துவிடும். இதையும் நான்தான் இங்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். கவனம் இல்லை இன்று.

அலுப்பு. மின்கட்டணம் கட்டவில்லை.


ஜூலை 12, சனி

விடியலில் பத்துத் தூறல். தரை கூட நனையவில்லை.

நேற்றே பாத்திரக் கடையில் புதுக் கிளாஸ் வாங்கி, சமையல் சோடா போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கவிழ்த்துத் தானாகக் காயவிட்டிருந்தேன். துடைக்கவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் எங்கும் முத்து முத்தாகத் தங்காமல் ஒரே தகடாக வழிந்தது. சுத்தம்.

காலை பத்து மணி வெளிச்சம், சாயம் பார்க்கிற வெளிச்சம். மாடி.

“காலங்காத்தால குடிக்கிற மனுஷன இப்பதான் பாக்கறேன்,” என்றாள் வசந்தி, துணி காயப்போட்டுக்கொண்டே.

“குடிக்கல. மார்க்கு போடறேன்.”

“அப்ப எனக்கும் ஒரு வாய் குடுங்க, நானும் போடறேன்.”

கடைசி பாட்டில்.

நுரை ஏறியது. இரண்டு விரல் உயரம், வெளுத்த பழுப்பு, நின்றது. குடிக்கக் குடிக்க கிளாஸின் உட்புறத்தில் வளையம் வளையமாக ஒட்டி இறங்கியது. வெயிலுக்கு நேரே பிடித்து அரக்குப் பட்டைப் பக்கத்தில் வைத்தேன். பட்டைவிட ஒரு சாயல் லேசு. உயிருள்ள சிவப்பு. நான் காய்ச்சிய பதினொன்றும் கறுப்புக்குப் போனவை.

மணம்: ரொட்டி மேலோடு, காய்ச்சிய சர்க்கரை. வழவழப்பு இல்லை, துளிகூட. ஹாப்ஸ் பூவின் மணம் சற்றே தூக்கல், அது குறைதான். விழுங்கிய பிறகு நாக்கில் இனிப்பு தங்காமல் உலர்ந்து, வறுத்த தானியத்தின் மெல்லிய கசப்போடு முடிந்தது. பதினொரு முறையும் நான் தவறவிட்டது அந்த முடிவைத்தான். ஒவ்வொரு முறையும் கருகல்தான் வந்தது எனக்கு.

வசந்திக்கு ஒரு வாய் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் கழித்து, “கடைசில நல்லாருக்குது, வறுத்த கடலை மாதிரி,” என்றாள்.

கீழே வந்து பரணிலிருந்து பழைய ஆய்வக நோட்டை இறக்கினேன். இருமல். கரப்பான்கள். என் செய்முறைக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே என்று பார்க்கத்தான். ஆறாவது முயற்சி, பக்கம் 43. வறுத்த பார்லி அளவுக்குப் பக்கத்தில் பென்சிலில் சாய்ந்த கையெழுத்து. என்னுடையது அல்ல.

‘சார், பார்லியைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா?’

அதன் மேல் சிவப்பு மையில் என் கையெழுத்து. ‘வேண்டாம். சொன்னதை மட்டும் செய்.’

இது எனக்கு நினைவே இல்லை. இந்த வீட்டில் என்னைவிட ஞாபகசக்தி உள்ளவர் யாருமில்லை என்று பேர். எவன் எந்தக் கல்யாணத்தில் எனக்கு நாற்காலி போடவில்லை என்பதுவரை சொல்வேன். இது நினைவில்லை.

மதியம் சாப்பிடவில்லை. படுத்தேன். தூக்கமும் இல்லை.


ஜூலை 13, ஞாயிறு

மேகம். முழங்கால் பரவாயில்லை. கோயிலுக்கு வந்த வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பால் லேட்.

குழுப் பக்கத்தைத் திறந்தேன். இதுவரை பதினேழு தீர்ப்பு. பாதிப் பேர் ‘பரவாயில்லை’. இரண்டு பேர் ‘இன்னும் ஜில்லென்று இருந்திருக்கலாம்’. முட்டாள்கள். சராசரி 30. முப்பதுக்குக் கீழே போனால் முதலாளி குழாயை மூடிவிடுவார் என்று சேகர் மெசேஜ் அனுப்பியிருக்கிறான், கூடவே: ‘மாமா நீங்க இன்னா போடப்போறீங்க’.

வியாழன் எழுதியதை அழித்தேன். புதிதாக எழுதியது:

‘நுரை நின்றது, இறங்கும்போது வளையம் விட்டது. நிறம் சரியான சிவப்பு. வறுத்த பார்லியின் அளவு மிகச் சரி, இந்த ஏலின் உயிரே அதுதான். அந்த அளவைக் கண்டுபிடித்தவருக்குக் கைப்பழக்கம் உண்டு. ஹாப்ஸ் கொஞ்சம் குறைக்கலாம். ஐஸ் மாதிரி குடிப்பவர்கள் இதைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவர்கள். கிளாஸைச் சுத்தமாகக் கழுவிவிட்டுக் குடிக்கவும்.’ 42/50.

ஹாப்ஸுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகவே குறைத்தேன். நியாயம்தான். கொஞ்சம் நியாயம், கொஞ்சம் பழைய கணக்கு.

இதனால் அந்தப் பேட்டி சரியாகிவிடாது. ‘நானாகவே’ என்று சொன்னவன் சொன்னவன்தான். காய்ச்சலாம் என்று முதலில் நினைத்தது நான். பானை பிடித்தது நான். பாதியாக்கச் சொன்னது மட்டும் அவன். அந்தப் பாதிதான் ஏல் என்றால் நான் என்ன செய்வது.

வசந்தி பின்னால் நின்று படித்தாள்.

“நல்லாத்தானே எழுதியிருக்கீங்க. பேரு போடலியா?”

“எதுக்கு?”

“அந்தப் புள்ள சந்தோஷப்படும்ல.”

அதனால்தான் போடவில்லை. பெயரைப் பார்த்தால் போன் பண்ணுவான். “சார்” என்பான், அந்தப் பழைய குரலில். நான் பக்கம் 43-ஐப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சொல்லாமல் பேச வேண்டியிருக்கும். இரண்டுக்கும் தெம்பு இல்லை.

மணி பதினொன்றரை. கெடுவுக்கு அரை மணி. பெயர் கேட்கும் கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது. காலியாகவே அனுப்புகிறேன்.