இரும்பின் மேல் இரண்டு கோட் பெயின்ட்

19 ஏப்ரல் 1998, ஞாயிறு
காலையில் சிற்பத்தின் மேல் உப்புத் தண்ணீரும் வினிகரும் அடித்தேன். ஐந்தடி உயரம், வளைத்து வெல்டிங் வைத்த இரும்புத் தகடுகள். ஜனவரியிலிருந்து துரு ஏற்றுகிறேன். கீழே மஞ்சள், வளைவில் செம்மண், மடிப்புக்குள் கிட்டத்தட்டக் கறுப்பு. கான்வாஸில் பத்து வருடம் தேடிய நிறம் புனேயில், எங்கள் சிஞ்ச்வட் குடியிருப்பின் பார்க்கிங்கில் தானாக வருகிறது.

இந்தப் பங்காரை, ஓட்டை உடைசலை, பழைய இரும்புக்காரனுக்கு எப்போது போடுவீர்கள் என்று சொசைட்டி செயலாளர் இன்றும் கேட்டார். போகட்டும்.

மே 3 கேலரி நடத்தும் ஜோசபின் என் வேலைகளைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அக்டோபரில் தனிக் கண்காட்சி. நாற்பத்தாறு வயதில் முதல் முறை.

28 ஏப்ரல்
சாங்வியில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் அங்கேதான். "இரும்பைப் பாத்துக்கோங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

2 மே
துருவே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கோட் சாம்பல் பெயின்ட். இவர் வேலை; ஃபேக்டரி பெயின்ட் ஷாப்பில் இருபத்தாறு வருடம் நின்ற கை. ஒரு சொட்டு வழியவில்லை.

"மூணு நாள் லீவு போட்டேன் லீலா. வர்றவங்க துருவப் பாத்தா உன்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

கத்திவிட்டேன். அறிவிருக்கா, நாலு மாச வேலையை நாசம் பண்ணிட்டீங்களேன்னு — பார்க்கிங்கே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

3 மே
ஜோசபினுக்கு ஓவியங்கள் பிடித்தன. இரும்பைப் பார்த்து, ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கிறதே என்றார். இவர் பக்கத்திலேயே நின்றார். இன்னும் முடியவில்லை என்று சமாளித்தேன். ஆகஸ்டில் இரும்பு சரியாக வந்தால்தான் கண்காட்சி.

9 மே
பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும்.

11 மே
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது என் வேலை இன்னதென்று இவரிடம் சொன்னேனா? புரியாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரும்பைப் பார்த்துக்கொள் என்றால் பெயின்ட் ஷாப் கோவிந்தராஜ் வேறென்ன செய்வார்? புத்தி எனக்குத்தான் இல்லை.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஃபேக்டரில ஒரு புள்ளி துரு இருந்தாலும் என் பீஸ் திரும்பி வந்துடும். அத வேணும்னே வளக்கறவங்கள இப்பதான் பாக்கறேன்." கை கழுவிவிட்டு வந்து, "பெயின்ட் எடுக்கறத என்கிட்ட வுடு" என்றார்.

17 மே
ரிமூவர் பூசி, சுரண்டி, வெறும் இரும்பாக்கிவிட்டார். மடிப்புகளில் என்னைவிடப் பொறுமை.

22 ஜூன்
மழை. இருந்தும், ஷிப்டுக்குப் போகும் முன் உப்புத் தண்ணீர் அடிக்கிறார். மடிப்புக்குள் இன்னும் பிடிக்கவில்லையாம். எனக்கில்லாத கவலை.

16 ஆகஸ்ட்
பழைய நிறம் வரவில்லை. இனி வராது. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஆனால் இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஜோசபின் இரண்டு முறை சுற்றி வந்து தேதி கொடுத்தார்.

10 அக்டோபர், சனி
கண்காட்சி தொடங்கியது. புதுச் சட்டையில் வந்த இவர், ஓவியங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரும்பின் பக்கத்தில் போய் நின்றவர் நகரவேயில்லை. சால்வை போட்ட மராட்டிக்காரர் ஒருவர் அதைத் தடவிப் பார்க்க விரலை நீட்டினார்.

"தொடாதீங்க சார், உதிர்ந்துடும்." பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

அந்த மனிதருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. கையை இழுத்துக்கொண்டு, செய்தது நீங்களா என்று மரியாதையாக இந்தியில் இவரைக் கேட்டார்.