சும்மாட்டுத் துணி

அக்கா,

நேற்று பீரோவை ஒழித்தபோது உன் சும்மாட்டுத் துணி கிடைத்தது. மீன்கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைப்பாயே, அந்த வெள்ளைத் துண்டு. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. தூக்கிப் போட்டுவிடவா என்று மகள் கேட்டாள். சட்டென்று பிடுங்கிக்கொண்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அவள் பிறந்த அன்று பட்ட கறை அது.

இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு நீ சங்கரா மீன் கொண்டுவந்த காலம். எனக்கு எட்டாம் மாதம், கூடவே டி.பி. மாத்திரை. என் வீட்டுக்காரரைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. டீச்சருக்கு டி.பி. என்றால் தெரு சும்மா இருக்குமா? ஆனால் மாத்திரை அட்டையும் கையுமாக நான் வாசல் கேட் ஓரம் வாந்தி எடுத்ததை நீ பார்த்துவிட்டாய். உன் புருஷனும் அதே மாத்திரை சாப்பிட்டவர். குமட்டல் தாங்காமல் பாதியில் நிறுத்தி, போய்ச் சேர்ந்தவர். எத்தனை வாந்தி வந்தாலும் மாத்திரையை விடக்கூடாது என்று வரும்போதெல்லாம் மிரட்டுவாய்.

மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்தம் பட்டால் உடனே வா என்றும் சொல்லியிருந்தார். படித்த மேதாவி நான், முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அன்று காலை சிவப்பாகப் போனது. துளி வலியில்லை. மாத்திரைதான் என்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். மீன் கொடுக்க வந்த நீ என் புடவையைப் பார்த்தாய். தலைத்துண்டை உருவி, ஒற்றிக் காட்டினாய்.

"மாத்திர கலரு ஆரஞ்சா இருக்கும்மா. இது ரத்தம். கெளம்பு."

கூடையை வெயிலில் போட்டுவிட்டு, தாம்பரம் வரை ஆட்டோவில் என்னைப் பிடித்துக்கொண்டே வந்தாய். கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

கூடையை எடுக்க நீ திரும்பியபோது நாம் திறந்தபடி விட்டு வந்த எங்கள் வீட்டை எதிர்வீட்டு அம்மா பூட்டிக்கொண்டிருந்தாராம். அடுக்களையில் டி.பி. மாத்திரை பார்த்தேனே, யாருடையது என்று கேட்டாராம். என்னுடையது, டீச்சரம்மா வாங்கி வைத்துத் தருகிறார் என்று சொல்லிவிட்டாய். அதோடு தெருவில் ஒருவரும் உன்னிடம் மீன் வாங்கவில்லை.

எனக்குப் பால் ஊற வேண்டுமென்று பால் சுறாவோடு நீ குழந்தையைப் பார்க்க வந்த அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஏன்க்கா இப்படிச் செய்தாய் என்று அழுதேன்.

"மீனு நான் வேற தெருவுல வித்துக்குவேன். நீ இந்தத் தெருவுலதான வாழணும்?"

நான் வாழ்ந்தேன். குணமான பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

போன மாதம் நீ நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்று உன் மருமகள் வந்து சொன்னாள். இன்று காலை துண்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த மாத்திரை என்னுடையது என்றேன்.

"அப்ப அந்த மீன்காரம்மாவுக்கு?"

"ஒண்ணுமே இல்ல."

துண்டை மறுபடி பீரோவில் வைத்திருக்கிறேன். கறையை வெளுக்க மனசில்லை. எங்கள் வாசலுக்கும் அந்த வாசலுக்கும் எட்டு அடிதான், அக்கா. நடக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.