தள்ளினால் நகராத வண்டி

ஆகஸ்ட் 18, ஞாயிறு
கார் டேங்கை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்! போன வருஷம் பதினைந்து கொடுத்த வண்டி. பதினாலு வயசில் இவ்வளவு பசியா?

என் வீட்டுக்காரர் தமிழ்செல்வன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏளா, நீ கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுதே. பிள்ளையார் சதுர்த்திக்குள்ள சரியாகலன்னா வித்துருவோம்."

வித்தால் என் வேலை போச்சு. காலையில் செம்பூர் முழுக்க வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வண்டி வேண்டும். ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் ஏற முடியுமா? மறுபடி லேப் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது கிழிக்க என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 20
தாராவியில் மெக்கானிக் தௌசீப்பிடம் விட்டேன். பிளக் மாற்றினார், ஏர் பில்டர் மாற்றினார், டயருக்குக் காற்று அடித்தார். "டென்ஷன் நை லேனே கா, கவலப்படாதீங்க அக்கா, இனிமே பறக்கும்."

ஆகஸ்ட் 24
பறக்கவில்லை. பத்தரை.

கியர் மாற்றும்போது தவிர கிளட்ச் பக்கமே போகாதபடி இடது காலை மடக்கி வைத்து ஓட்டியதில் மூட்டு வலிதான் மிச்சம். நான் நல்லாத்தான் ஓட்டுகிறேன். நல்லாத்தான் ஓட்டுகிறேனா?

ஆகஸ்ட் 27
எங்கள் தாராவி லேபர் கேம்ப் சந்தில் வண்டி நிறுத்த ஒரு சட்டம் உண்டு. கியரில் போடக் கூடாது, ஹேண்ட்பிரேக் இழுக்கக் கூடாது. வழி வேண்டியவர் தள்ளிவிட்டுப் போவார். என் வண்டியைத் தினமும் தள்ளுகிறவர் எதிர்வீட்டு கரீம் பாட்சா பாய். தோல்பை தைக்கும் பட்டறைக்கு அவர் டெம்போ போக வேண்டும். இன்று மூச்சு வாங்க நின்றார்.

"தங்கச்சி, முன்னெல்லாம் ஒத்தக் கையால தள்ளுவேன். இந்த ஒரு மாசமா ரெண்டு பேரு வேண்டியிருக்கு. உள்ள என்னதான் வச்சிருக்கீங்க?"

சிரித்துவிட்டு ஏறினேன். கிங்ஸ் சர்க்கிள் தாண்டும்போதுதான் உறைத்தது. கனம் எப்படிக் கூடும்? ஏதோ சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஓரமாக நிறுத்தி ஒவ்வொரு சக்கரமாகக் கை வைத்தேன். பின்னால் இடது பக்கம் — தோசைக்கல்! விரலைச் சுட்டுக்கொண்டு ரோட்டில் நின்று சிரித்தேன்.

ஆகஸ்ட் 28
தௌசீப் சக்கரத்தைக் கழற்றினார். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டது. லீவரைக் கீழே இறக்கினாலும் பிரேக் பாதி பிடித்தபடியேதான் வண்டி ஓடியிருக்கிறது. "தண்ணில ஓட்டிட்டு ஹேண்ட்பிரேக்க இழுத்துப் போட்டு வச்சா இப்படித்தான் அக்கா ஆகும்."

நானா? நான் அதைத் தொடுவதே இல்லையே.

சாயங்காலம் பாயிடம் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஜூலைல நீங்க ஊருக்குப் போயிருந்தீங்கள்ல? நம்ம தமிழ்செல்வன் தம்பி மழைத் தண்ணிக்குள்ள ஓட்டிட்டு வந்து, ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு, சாவியோட ஆபீஸ் டூர் போயிட்டாரு. ஆறு நாளு! நாலு பேரு சேந்து தூக்கித்தான் நகத்துனோம். சண்ட வரும்னுதான் சொல்லல."

அடப் பாவி மனுஷா! என் காலையா குத்தம் சொன்னீங்க?

செப்டம்பர் 1
புதுக் கேபிள் போட்டபின் பதினைந்தரை. தோசை போடும்போது வீட்டுக்காரரிடம் மைலேஜை மட்டும் சொன்னேன். பாய் சொன்னதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன் — சரி, சொல்லிவிட்டேன். அவர் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

செப்டம்பர் 5, வியாழன்
காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். "ஏளா, வண்டி இன்னைக்கு உனக்கு வேணுமா? தாதருக்குப் போணும், நான் எடுத்துக்கிடட்டுமா?"

இந்தப் பழைய வண்டியை வாங்கி எட்டு வருஷத்தில் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

எனக்கு வேணும் என்றேன். பஸ்ஸில் போனார்.