பெட்டியில் உள்ளபடி

மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

நலம்தானே? உன் அக்கா வீட்டு மாடியறையில் வெயில் நேராக அடிக்குமே, ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டாயா? கம்பியை நாலு விரல் மேலே ஏற்றி அடித்தால்... சரி, விட்டுவிட்டேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே திருத்த ஆரம்பிக்கிறேன் என்றுதானே கடிதம் எழுதச் சொன்னாய். இங்கேயும் ஆரம்பித்துவிட்டேன் பார்.

பிளாஸ்டிக் போர் விமானம் ஒன்று வாங்கியிருக்கிறேன். பாகங்களை வெட்டி எடுத்து நாமே ஒட்டிக்கொள்ளும் வகை. முடித்தால் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். முன்பெல்லாம் பெட்டியில் இருப்பது போதாதென்று இருக்கைக்கு வார், சக்கரத்துக்குக் கம்பி என்று நானே சேர்ப்பேன். வருஷக்கணக்கில் இழுக்கும், ஒன்றும் முடியாது. உனக்குத் தெரியாததா! இந்த முறை பெட்டியில் உள்ளபடிதான். மூக்குக்குள் மட்டும் இரண்டு பேரிங் குண்டு வைத்தேன், இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடும். கனம் வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

இறக்கைகளை உனக்கு அனுப்புகிறேன். நீயே ஒட்டி, பெயின்ட் அடித்து அனுப்பு. உடல் என் பங்கு. வந்ததை வந்தபடி சேர்ப்பேன். இதையாவது என்னால் செய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருவதைப் பற்றி முடிவு செய்.

உன்
வீட்டுக்காரன்

மார்ச் 19

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பார்சலைப் பிரித்ததும் அக்கா, "என்னடி இது, துணிமணி அனுப்புவாருன்னு பார்த்தா றெக்கை அனுப்பியிருக்காரு! பறந்து வந்துடுன்னு சொல்றாரா?" என்று சிரித்துத் தீர்த்துவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் கடுகளவு திருகு மாட்டுகிறவளுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். விரலெல்லாம் பசை. நகவெட்டியால்தான் பாகங்களை வெட்டினேன், திட்டாதீர்கள். பெயின்ட் காய்வதற்குள் தூக்கிப் பார்த்ததில் இடது இறக்கையின் அடியில் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. மேலே தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிய வட்டச் சின்னம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. போகட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. ஒட்டி முடித்த அன்று சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். சரியில்லாத பேரிங்கைத் தள்ளிவைக்க உங்கள் ஃபேக்டரியில் சம்பளம் தருகிறார்கள். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்க யார் சம்பளம் தந்தார்கள்? அந்த வீட்டில் நான் செய்த எதுவும் நான் செய்தபடி இருந்ததில்லை. அங்கே நான் என்று ஒருத்தி இருந்தேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் கிளம்பினேன், வேறு எந்தக் கோபமும் இல்லை.

இறக்கையைத் தொடாதீர்கள். உப்புத்தாள் வேண்டாம், பட்டி வேண்டாம். இருக்கிறபடி சேர்த்து ஒரு போட்டோ அனுப்புங்கள். மறுநாளே கிளம்பி வருகிறேன், சத்தியமாக.

உங்கள்
வீட்டுக்காரி

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

இறக்கைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. நகவெட்டியால் வெட்டியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரித்ததும் மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடவே இல்லை.

உடலோடு ஒட்டியபோது இரண்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளி விழுந்தது. அதை மட்டும் பட்டி வைத்து நிரப்பினேன். அது சேருகிற இடம்தானே, இறக்கை இல்லையே. தேய்க்கும்போது உப்புத்தாள் கொஞ்சம் உன் பக்கம் போய்விட்டது. பெயின்ட் போன இடத்தை மட்டும் பிரஷ்ஷால் தொட்டேன். தொட்ட இடம் திட்டாகத் தெரிந்ததால் இடது பக்கம் முழுவதும் அடித்தேன். அடித்ததும் வலது பக்கம் வேறு நிறமாகத் தெரிந்தது. அடிப்பக்கத்தை மட்டும் விட்டுவைப்பது முறையில்லை என்று அதையும் தேய்த்து அடித்தேன். வட்டச் சின்னத்துக்குப் பதில் புதிதாக ஒன்று ஒட்டினேன். உன்னுடையதைப் போலச் சாய்த்து ஒட்டத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். பார்த்தால் அசந்துபோவாய்.

உன்
வீட்டுக்காரன்

ஏப்ரல் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போட்டோ பார்த்தேன். விமானம் அழகாக இருக்கிறது. அழுது முடித்துவிட்டுத்தான் அக்காவிடம் காட்டினேன். "நீ செஞ்ச றெக்கை எங்கடி?" என்றாள். "அதுக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

ஆனாலும் வருகிறேன். இந்த அறையில் நான் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. முதலில் அது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? இப்போது கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் விட்ட டம்ளர் அப்படியே கிடக்கிறதைப் பார்த்ததும் திரும்பி அக்காவிடம் கீழே இறங்கிவிடுகிறேன். நீங்கள் மாறமாட்டீர்கள், தெரிந்துதான் வருகிறேன். நான் பழகிக்கொள்கிறேன். இந்த வயதில் வேறு யாரைப் போய்ப் பழகுவது?

வேலையை விடுவதாகக் கடையில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

ஏப்ரல் 12

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று கூடுதல் தபால் கட்டணம் கட்டி அனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கூட "என்ன சார், லாட்டரியா?" என்று கேட்டார். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். "பழகிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

நீ திரும்பி வர நான் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்று தெரியும். தொட்டால் நீ வரமாட்டாய் என்றும் தெரியும். உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது இரண்டும் நினைவில் இருந்தன. இருந்தும் தேய்த்தேன். அதைவிடப் பயங்கரம், தேய்த்தது நன்றாக இருந்தது. இப்போதும் அந்த விமானத்தைப் பார்த்தால் எனக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவாய், ஒன்று ஒரு பக்கமும் மற்றது ஒரு பக்கமுமாக. நீ உள்ளே போனதும் நான் குனிந்து அதை நேராக வைப்பேன். நீ அதைப் பார்ப்பாய், பார்த்தும் ஒன்றும் சொல்லமாட்டாய். அதைத்தான் பழகிக்கொள்ள வருகிறாய்.

வேண்டாம்மா, வராதே. கடையில் பேசி வேலையைத் திரும்ப வாங்கிக்கொள். அக்காவிடம் நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல், அவர்கள் என்னைத் திட்டட்டும்.

ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன்.

உன்
வீட்டுக்காரன்